சாட்சி வேறு, தீர்ப்பு வேறு

நேரிற் கண்ட சாட்சி ஒருவன் கிடைத்துவிட்டால் வழக்கு வென்றுவிட்டது என்றே கட்சிக்காரர் எண்ணுவர். நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிப் பழகியோர் அவ்வாறு எண்ணுவதில்லை. சாட்சி சொல்வதைக் கேட்க அதிகாரம் பெற்ற மன்று ஒன்று இருத்தல் வேண்டும். அவனை முறைப்படி அழைத்துக் கூண்டில் நிறுத்த வழக்காளி ஒருவன் இருத்தல் வேண்டும். எதிர்த்தரப்பு நியாயவாதியின் குறுக்கு விசாரணைக்கு அவன் வாக்கு ஈடுகொடுத்தல் வேண்டும். இவையனைத்தும் கைகூடித் தீர்ப்புக் கிடைத்த பின்னரும், அதனை நிறைவேற்றும் வலிமை எவரிடத்தேனும் இருத்தல் வேண்டும். சாட்சி இன்றி நீதி இல்லை. ஆயினும் சாட்சியே நீதி ஆகிவிடாது.

போர்களைத் தீர்ப்பதில் உலகச் செய்தித் தாபனங்களின் பங்கு யாது என்ற வினாவுக்கு நாம் கூறும் விடையும் இதுவே.

நம் மக்களிடையே இவ்விடயத்தில் இருவேறு எண்ணங்கள் மாறிமாறி நிலவி வந்துள்ளன. ‘இங்கு நடப்பதை உலகம் கண்ணாற் கண்டால் போதும், மறுநாளே எழுந்து வந்துவிடும்’ என்பது முதலாவது. 2011 ஜூன் 14 ஆம் நாள் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி முள்ளிவாய்க்கால் அவலத்தைப் படமாகக் காட்டிய இரவில், இவ்வெண்ணம் எத்தனையோ இல்லங்களில் கண்ணீரோடு கலந்திருந்தது. உலகம் கண்டது, எழுந்து வரவில்லை. அதன் பின்னர் இரண்டாவது எண்ணம் வேரூன்றலாயிற்று. ‘வந்தான், படம் பிடித்தான், பரிசு வாங்கினான், போனான், நமக்கு ஆனது என்ன?’ என்பதே அது. முதலாவது பேராசை, இரண்டாவது விரக்தி. இரண்டும் சாட்சியை நீதிபதி என்று மயங்கிய ஒரே பிழையின் இரு கிளைகளே.

இதனைத் தெளிவுபடுத்தக் கிழக்குத் தீமோரின் கதையினும் சிறந்த சான்று வேறில்லை. அச் சிறு நாட்டின் விடுதலையைப் ‘படம் பெற்றுத் தந்த விடுதலை’ என்று சொல்வோர் உண்டு. நடந்தது அதுதானா என்று வரிசைப்படி பார்ப்போம்.

சாட்சியைக் கொன்ற பின்னர்

1975 ஒக்டோபர் 16 ஆம் நாள், தீமோரின் எல்லைக் கிராமமாகிய பலிபோவில் அவுஸ்திரேலியத் தொலைக்காட்சி நிலையங்களுக்காகப் பணிபுரிந்த ஐந்து இளைஞர்கள் கொல்லப்பட்டனர். இருவர் அவுஸ்திரேலியர், இருவர் பிரித்தானியர், ஒருவர் நியூசிலாந்தர். எல்லையைக் கடந்து வந்த இந்தோனேசியப் படைகளைப் படம் பிடிக்கவே அவர்கள் அங்கு நின்றனர். இருதரப்பு மோதலிற் சிக்கி இறந்தனர் என்றே நெடுங்காலம் உலகுக்குக் கூறப்பட்டது. 32 ஆண்டுகள் சென்று, 2007 இல் சிட்னியில் நடைபெற்ற மரண விசாரணையிலேதான், உண்மை வெளிவராதிருக்கும் பொருட்டு அவர்கள் வேண்டுமென்றே கொல்லப்பட்டனர் என்ற முடிவு பதிவாயிற்று.

1975 டிசெம்பர் 7 ஆம் நாள் இந்தோனேசியா முழு அளவில் படையெடுத்தது. அதற்கு முதல் நாள் ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதி போர்டும் வெளிநாட்டமைச்சர் கிசிங்கரும் ஜகார்த்தாவில் இருந்தனர். தடை சொல்லப்போவதில்லை என்று சுகார்த்தோவுக்கு அவர்கள் உணர்த்தியமையை, பிற்காலத்தில் வெளியிடப்பட்ட அந் நாட்டு ஆவணங்களே காட்டுகின்றன. தலைநகர் டிலியில் எஞ்சியிருந்த ஒரேயொரு வெளிநாட்டுச் செய்தியாளரான ரொஜர் ஈஸ்ற் மறுநாள் சுட்டுக் கொல்லப்பட்டார். டிசெம்பர் 22 இல் பாதுகாப்புச் சபை கூடி, இந்தோனேசியப் படை வெளியேறவேண்டும் எனத் தீர்மானித்தது. படை வெளியேறவில்லை.

பின்னர் வாயில்கள் அடைபட்டன. 1988 இறுதிவரை, அரசின் அனுமதியின்றி எவரும் உட்செல்ல முடியாத மூடிய நிலமாயிற்று தீமோர். ஆறரை இலட்சம் மக்கள் வாழ்ந்த அந் நிலத்தில், 1974 முதல் 1999 வரை குறைந்தது 102,800 பேர் போரினாலும் பசியினாலும் நோயினாலும் இறந்தனர் எனப் பிற்காலத்து உண்மை ஆணைக்குழு கணித்தது. அவருள் 84,000 க்கு மேற்பட்டோரின் மரணம் பசியாலும் நோயாலும் நேர்ந்தது. பெரும் பட்டினி நிலவியது மூடிய அந் நாள்களிலேயாம். சாட்சி இல்லாத இடத்திலே துப்பாக்கி செலவழிக்கவேண்டிய குண்டும் குறைவு என்பதைக் கவனிக்க. விளைநிலத்தை விட்டுத் துரத்தப்பட்டவன் என்ன ஆவான் என்பதை நம் கமக்காரருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

சாந்தா குறூஸ்

1991 இல் போர்த்துக்கேயப் பாராளுமன்றக் குழுவொன்று செய்தியாளரோடு தீமோருக்கு வருவதாக இருந்தது. உடன்வரவிருந்த செய்தியாளர் ஒருவரை இந்தோனேசியா ஏற்க மறுத்தமையால் அவ்வருகை கைவிடப்பட்டது. உலகத்தை எதிர்நோக்கிப் பதாகைகளைத் தைத்து மறைத்து வைத்திருந்த இளைஞர்கள் ஏமாந்தனர். ஒக்டோபர் 28 ஆம் நாள் மொத்தாயல் தேவாலயத்தில் செபஸ்தியாவோ கோமேஸ் என்னும் இளைஞன் கொல்லப்பட்டான். நவெம்பர் 12 ஆம் நாள் அவனுடைய கல்லறைக்கு மலர் கொண்டு சென்ற ஊர்வலம், மறைத்து வைத்திருந்த பதாகைகளையும் உடன் கொண்டு சென்றது. சாந்தா குறூஸ் இடுகாட்டின் வாயிலில் படையினர் அவர்கள்மீது சுட்டனர். இறந்தோர் 271 பேர் எனத் தீமோர் மக்கள் பெயர்ப்பட்டியல் வைத்துள்ளனர். இந்தோனேசியா முதலில் 19 என்றது. பின்னர் ஐம்பது அளவில் என்றது.

இத்தகைய கொலைகள் அதற்கு முன்னும் நிகழ்ந்தன. அன்று நிகழ்ந்த புதுமை, இடுகாட்டினுள்ளே பிரித்தானியப் படப்பிடிப்பாளர் மக்ஸ் ஸ்ரால் நின்றமையே. கைதாகுமுன் அவர் படச்சுருளைப் புதிய கல்லறையொன்றின் மண்ணுள் புதைத்தார். விடுவிக்கப்பட்டதும் திரும்பிவந்து தோண்டி எடுத்தார். ஒல்லாந்துச் செய்தியாளர் ஒருவர் அதனை நாட்டுக்கு வெளியே கொண்டு சென்றார். வெளிநாட்டவர் முன்னிலையில் சுடமாட்டார்கள் என நம்பி ஊர்வலத்துக்கும் படைக்கும் இடையில் நின்ற ஏமி குட்மன், அலன் நேர்ன் என்னும் அமெரிக்கச் செய்தியாளர் இருவரும் அடித்து வீழ்த்தப்பட்டனர். நேர்னின் மண்டை ஓடு உடைந்தது.

அப் படத்தில் ஒரு காட்சி: காயமுற்றோர் சிற்றாலயத்தினுள் ஒடுங்கிப் போர்த்துக்கேய மொழியில் செபம் சொல்கின்றனர். லிஸ்பனில் அதனைக் கேட்டோர் திடுக்கிட்டனர். தாம் கைவிட்டு வந்த மக்கள், சாகும் வேளையிலும் தம் மொழியிலேயே இறைவனை அழைக்கின்றனரே என்று நாணினர். அந் நாணமே பின்னர் ஓர் அரசின் கொள்கையாயிற்று.

எட்டு ஆண்டுகள்

இனித்தான் நம் மக்கள் கூர்ந்து நோக்கவேண்டிய பகுதி. படம் வெளிவந்தது 1992 ஜனவரியில். வாக்கெடுப்பு நடைபெற்றதோ 1999 ஓகஸ்ட் 30 இல். இடையில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள். படமே விடுதலை தந்தது என்றால், இந்த எட்டு ஆண்டுகளும் எங்கே போயின?

அவை வழக்கை நடத்துவதிற் போயின. அமெரிக்கரிடையே தோன்றிய ஆதரவு இயக்கம் தன் பிரதிநிதிகளை விடாது நெருக்கியது. 1992 ஒக்டோபரில் இந்தோனேசியப் படையினருக்கு அளித்துவந்த பயிற்சி உதவி நிறுத்தப்பட்டது. 1992 நவெம்பரில் சனானா குஸ்மாவோ சிறைப்பட்டார்; ஆயினும் சிறையிலிருந்தே எல்லாக் கட்சிகளையும் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்தார். ஆயர் பெலோ மக்களுடன் இருந்தார். இராமோஸ் ஓர்த்தாவோ 1975 முதல் ஐக்கிய நாடுகள் சபையின் தாழ்வாரங்களில் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தார். 1996 இல் அவ்விருவருக்கும் நோபல் சமாதானப் பரிசு கிட்டிற்று.

சட்டமும் உறங்கவில்லை. தீமோரை ‘தன்னாட்சி பெறாத ஆள்புலம்’ என்ற பட்டியலிலிருந்து ஐக்கிய நாடுகள் சபை ஒருபோதும் நீக்கவில்லை. தீமோர்க் கடலின் எண்ணெயை இந்தோனேசியாவுடன் பங்கிட்டுக்கொண்ட அவுஸ்திரேலியாமீது போர்த்துக்கல் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1995 ஜூன் 30 இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று. இந்தோனேசியா கட்சியாக இல்லாத இடத்து அதன் செயலை ஆராய இயலாது என்பது காரணம். ஆனால், அத் தீர்ப்பிலேயே, தீமோர் மக்களின் சுயநிர்ணய உரிமை அழியவில்லை என்பதையும், அவ்வுரிமை உலக நாடுகள் அனைத்தும் மதிக்கவேண்டியது என்பதையும் நீதிமன்றம் எழுதி வைத்தது. தோற்ற வழக்கிலும் வெல்லும் வாக்கியங்கள் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஜகார்த்தாவே மாறியது. சாந்தா குறூஸ் கொலையைத் தம் நாட்டு மக்களுக்கு எடுத்துக் கூறிய ‘ஜகார்த்தா ஜகார்த்தா’ என்னும் இந்தோனேசிய வார இதழின் ஆசிரியர்கள் பதவி இழந்தனர். அத்தகையோர் இட்ட வித்து வீண்போகவில்லை. பொருளாதாரம் சரிந்து, மாணவர் தெருவில் இறங்கி, 1998 மே 21 இல் சுகார்த்தோ பதவி துறந்தார். அடுத்து வந்த ஹபீபி 1999 ஜனவரியில் மக்களின் முடிவைக் கேட்கச் சம்மதித்தார். 78.5 வீதத்தினர் விடுதலை வேண்டும் என்று வாக்களித்தனர்.

ஒரே சாட்சி, இரண்டு களங்கள்

வாக்கெடுப்பின் முடிவு வெளியானதும் தீமோர் பற்றி எரிந்தது. டிலியில் ஐக்கிய நாடுகள் சபையின் வளவுக்குள் ஏறத்தாழ 1,500 பேர் தஞ்சம் புகுந்தனர். வெளியேறும்படி மேலிடத்திலிருந்து முடிவு வந்தது. தஞ்சம் புகுந்தோரை விட்டுப்போக ஊழியர் பலர் மறுத்தனர். செய்தியாளர் பெரும்பாலோர் போய்விட்ட பின்னரும் சிலர் அங்கிருந்து உலகுடன் பேசிக்கொண்டிருந்தனர். அவருள் ஒருவர் இலண்டன் ‘சண்டே ரைம்ஸ்’ பத்திரிகையின் மேரி கொல்வின். அமெரிக்கா இராணுவத் தொடர்பை நிறுத்தியது. செப்டெம்பர் 12 இல் ஹபீபி இணங்கினார். 14 இல் அம் மக்கள் பாதுகாப்பாக வெளியே கொண்டு செல்லப்பட்டனர். 20 இல் பன்னாட்டுப் படை டிலியில் இறங்கியது.

மேரி கொல்வின் என்ற பெயர் நமக்குப் புதிதன்று. 2001 ஏப்ரலில், செய்தியாளருக்குத் தடைசெய்யப்பட்டிருந்த வன்னிக்கு வந்து, பசியையும் மருந்தின்மையையும் கண்டு எழுதி, திரும்பும் வழியில் இராணுவத்தின் பக்கமிருந்து வந்த வெடியில் இடது கண்ணை இழந்தவர் அவரே. 2009 மே மாதத்து இறுதி நாள்களில், சரணடைய விரும்பிய விடுதலைப் புலிகளின் அரசியற் பிரிவினரது வேண்டுகோளை ஐக்கிய நாடுகள் அதிகாரிகளுக்குத் தொலைபேசியில் எடுத்துரைத்ததாக எழுதியவரும் அவரே. அவ் வேண்டுகோளை விடுத்தோர் உயிர் தப்பவில்லை. 2012 பெப்ரவரி 22 இல் சிரியாவின் ஹொம்ஸ் நகரில் அவரும் கொல்லப்பட்டார்.

அதே பெண்மணி, அதே துணிவு, அதே பத்திரிகை. டிலியில் 1,500 பேர் பிழைத்தனர். முள்ளிவாய்க்காலில் எவரையும் காக்க முடியவில்லை. வேறுபாடு சாட்சியில் இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான நிரூபணம் வேண்டுமா?

வேறுபாடு எங்கே? டிலியில் அவர் களத்தினுள் நின்றார். 2009 இல் தொலைபேசியின் மறுமுனையில் நின்றார். களத்தினுள் சுதந்திரமான வெளிநாட்டுச் செய்தியாளர் ஒருவருமில்லை. டிலியில் ஐக்கிய நாடுகள் ஊழியர் மக்களோடு தங்கினர். 2008 செப்டெம்பரில் கிளிநொச்சியில், வாயிலில் நின்று போகாதீர்கள் என்று மன்றாடிய மக்களை விட்டு வாகனங்கள் புறப்பட்டன. அது தவறென்பதை அச் சபையின் உள்ளக ஆய்வே 2012 நவெம்பரில் ஒப்புக்கொண்டது. தீமோருக்கு உலக மன்றில் வழக்கிலக்கம் இருந்தது. நமது போரோ 2009 இல் பாதுகாப்புச் சபையின் முறையான நிகழ்ச்சிநிரலில் இடம்பெறவேயில்லை. தீமோருக்காகப் பேசப் போர்த்துக்கல் இருந்தது. நமக்கென எந்த அரசும் எழவில்லை. போர் முடிந்து பத்து நாள் கழியுமுன், 2009 மே 27 இல், மனித உரிமைகள் பேரவை 29 வாக்குகளால் இலங்கை அரசைப் பாராட்டியே தீர்மானம் நிறைவேற்றியது.

நம் பக்கத்துக் குறை

பிறர் குறையை மட்டும் எழுதி முடிப்பது நேர்மையாகாது. சாட்சியைக் கெடுப்பதில் நமக்கும் பங்கு உண்டு.

மிகைப்படுத்தல் ஒரு கேடு. 1990 ஒக்டோபரில் குவைத் நாட்டுச் சிறுமி ஒருத்தி, ஈராக்கியப் படையினர் குழந்தைகளை மருத்துவப் பெட்டிகளிலிருந்து எடுத்து எறிந்து கொன்றனர் என அமெரிக்காவிற் சாட்சியம் கூறினாள். உலகம் துடித்தது. அவள் அந் நாட்டுத் தூதுவரின் மகள் என்பதும், அக் கதைக்கு ஆதாரம் இல்லை என்பதும் பின்னரே தெரிந்தன. அதன் பின், குவைத்தில் உண்மையாகவே நடந்த கொடுமைகளையும் மக்கள் ஐயத்துடன் நோக்கலாயினர். நம்முடைய உண்மை போதிய அளவு கொடியது. அதற்கு ஒட்டுப்போட்டு எழுதுவோர் நம் வழக்கைத் தாமே தோற்கடிக்கின்றனர். 2009 ஓகஸ்டில் சனல் 4 காட்டிய கொலைக்காட்சி பொய்யென்று அரசு சொல்லிற்று. அதனை மூன்று நிபுணர்களைக் கொண்டு சோதித்து, உண்மையானதாகவே தோன்றுகிறது என ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் 2010 ஜனவரியில் அறிவித்தார். குறுக்கு விசாரணையில் நின்ற சாட்சி அது. அத்தகையதே பயன் தரும்.

மறைத்தல் மற்றொரு கேடு. 2011 இல் வெளிவந்த ஐக்கிய நாடுகள் நிபுணர் குழுவின் அறிக்கை, 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றும், அரசின் எறிகணைகளே பொதுமக்களின் மரணங்களுட் பெரும்பான்மைக்குக் காரணம் என்றும் கூறிற்று. அதே அறிக்கை, தப்பியோட முயன்ற நம் மக்களைப் புலிகள் தடுத்தமையையும் சுட்டமையையும் கூறிற்று. முதற்பகுதியைப் பதாகையில் எழுதி, இரண்டாம் பகுதியைக் கிழித்தெறிவோமாயின், எந்த மன்று நம்மை நம்பும்? மாற்றுக் கருத்து எழுதிய தமிழனை நம்மவரே அச்சுறுத்திய காலமும் இருந்தது. அதனைச் சொல்லக் கூசுவோர் பத்திரிகைச் சுதந்திரம் பற்றிப் பேசத் தகுதியற்றோர்.

வெளிநாட்டான் வந்தால்தான் செய்தி என்ற எண்ணமும் மூன்றாவது கேடு. மக்ஸ் ஸ்ராலை இடுகாட்டுக்கு அழைத்துச் சென்றோர் தீமோரின் இளைஞர்கள். பீ.பீ.சீ.க்கு யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி அனுப்பியவர் மயில்வாகனம் நிமலராஜன். 2000 ஒக்டோபர் 19 இல் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2009 ஜனவரி 8 இல் கொழும்பு வீதியில் கொல்லப்பட்ட லசந்த விக்கிரமதுங்க சிங்களவர். உலகச் செய்தியின் வேர் உள்ளூர்ச் செய்தியாளனின் குருதியில் நனைந்த மண்ணிலேதான் உள்ளது.

செய்யத்தக்கது

ஆதலின், நாம் கூறுவது நான்கே.

முதலாவது, ஏட்டைக் காப்பாற்றுவோம். 2021 மார்ச்சில் மனித உரிமைகள் பேரவை சான்று திரட்டிப் பேணும் பணியைத் தொடக்கியது. பின்னரும் அதனை நீடித்தது. ஒவ்வொரு ஊரிலும் பெயர், நாள், இடம், கண்டவர் யாவர் என்பன கட்டுக்கோப்பாகப் பதியப்பட்டிருந்தால், இன்று இல்லாவிடினும் நாளை அவை பேசும். சாந்தா குறூஸ் படங்களை உள்ளடக்கிய மக்ஸ் ஸ்ராலின் தொகுப்பு, 2013 இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரத்தில் அமர்ந்த தாய்மாரின் கைகளில் இருந்த ஒளிப்படங்களும் ஆவணங்களே. அத் தாய்மார் ஒவ்வொருவராக மறையுமுன் அவர்தம் வாக்குமூலங்கள் எழுதப்படல் வேண்டும். எழுதத் தெரிந்தோர் எல்லாருக்கும் இதில் வேலை உண்டு.

இரண்டாவது, நம் ஊர்ச் செய்தியாளரை நாம் காப்போம். நமக்குக் கசப்பானதை அவர் எழுதும்போதும் காப்போம்.

மூன்றாவது, உண்மையைச் சிங்களத்தில் சொல்வோம். இலண்டனில் ஒளிபரப்பாவது மாத்தறைக் கமக்காரனின் காதில் விழுவதில்லை. ஜகார்த்தா மாறிய பின்னரே தீமோரின் கதவு திறந்தது.

நான்காவது, வழக்காளிகள் ஒன்றுபடுவோம். ஒரே வழக்குக்கு ஒன்பது மனுக்கள் தாக்கல் செய்யப்படுமாயின், மன்று எதனைக் கேட்கும்?

இவையெல்லாம் செய்தாலும் நீதி உடனே வரும் என்று நாம் உறுதி கூறவில்லை. தீமோர் விடுதலை பெற்றது. 2002 மே 20 இல் கொடி ஏற்றிற்று. ஆயினும், 1999 கொடுமைகளுக்காக ஜகார்த்தாவில் வழக்குத் தொடரப்பட்ட 18 பேரும் ஈற்றில் விடுதலையாயினர். பலிபோவின் ஐவருக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. போர் முடிவது ஒன்று; நீதி கிடைப்பது மற்றொன்று.

எனினும், கல்லறை மண்ணுள் அன்று ஒருவன் புதைத்த படச்சுருள் முளைத்தது. அது முளைத்தமைக்குக் காரணம், அதனைத் தோண்டி எடுத்துக் கொண்டுபோய், எட்டு ஆண்டுகள் நீர் வார்க்க ஒரு மக்கள் கூட்டம் இருந்தமையே. நம் மண்ணிலும் வித்துக்குக் குறைவில்லை. வயலை உழாது வானத்தைப் பார்த்திருக்கும் கமக்காரன் நம்முள் எவனும் இல்லை. அரசியலில் மட்டும் நாம் ஏன் அவ்வாறு இருத்தல் வேண்டும்?